முருங்கைக்கு நிலம் எங்கே, கிளினிக் நாளுக்குப் பேர் எங்கே?



என் மேசை லாச்சிக்குள் ஒரு பக்கற் கிடக்கிறது. பச்சைத் தாள், மேலே ஒரு முனிவர் படம், கீழே "யாழ்ப்பாணப் பரம்பரைச் சித்த சூரணம்" என்ற எழுத்து. உள்ளே என்னென்ன மூலிகை என்று எழுதியில்லை. யார் செய்தது, எங்கே செய்தது, எந்தத் திகதி வரைக்கும் பாவிக்கலாம் என்று எழுதியில்லை. விலை மட்டும் தெளிவாக இருக்கிறது: 1,500 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்ட நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதாவது அந்தச் சம்பளத்தில் ஒரு நாள் முழுக்கப் பேர் போட்டாலும் இந்தப் பக்கற் ஒன்றுக்குக் காணாமல் இருந்தது.

சம்பளத்தன்று பின்னேரம் எங்கள் டிவிசன் கடைக்கு முன்னால் ஒரு வான் வந்து நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார். பிரஷர், சீனி, மூட்டுவலி மூன்றுக்கும் இது ஒரே மருந்தாம். இங்கிலீஷ் குளிசை சிறுநீரகத்தை அரித்துவிடுமாம். மூன்று மாதம் சூரணம் குடித்தால் குளிசையை ஆற்றில் எறிந்துவிடலாமாம். அன்றைக்கு மட்டும் நாற்பது, ஐம்பது பக்கற்றாவது விற்றிருக்கும். வாங்கியவர்களில் ஒரு அக்கா எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். நான்கு வருடமாகக் கிளினிக்கில் பிரஷர் குளிசை எடுத்து வந்தவர், அன்றோடு அதை நிறுத்தினார்.

ஆறாவது கிழமை, காலைப் பத்து மணிக்கு, மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நின்றபோது அவருடைய இடது கை கொழுந்தைப் பிடிக்க மறுத்தது. பக்கத்து நிரையில் நின்றவர்கள் கூப்பிட்டதற்கு வாய் கோணிப் பதில் வந்தது. கூடையை அவிழ்த்து, படங்கில் கிடத்தி, ரோட்டு வரை தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது. இடது பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. இப்போது பெரட்டுக்கு அவர் போவதில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தேன். ஆசிரியைக்கே உரிய புத்தியோடு, "ஏன் அக்கா குளிசையை நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்:

"கிளினிக் போற அன்னைக்குப் பேர் இல்ல டீச்சர். பஸ்சுக்கும் காசு. விடியக்காலம் போனா மத்தியானம் ஆகும். டாக்டர் சிங்களத்துல ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. குளுசைய கட்டிக் குடுப்பாங்க. நாலு வருசமா அது எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. இந்த வேன்காரரு ஒரு மணி நேரம் தமிழ்ல பேசினாரு."

இதில் கடைசி வசனத்தை நான் பல நாள் யோசித்தேன். அந்த அக்காவை "அறியாமை" என்று சொல்லிவிட்டுப் போவது இலேசு. மேடையில் பேசுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நாலு வருடத்தில் அவருக்குப் புரிகிற பாஷையில் உட்கார வைத்துப் பேசிய ஒரே ஆள் ஒரு ஏமாற்றுக்காரன். அந்த இடத்தை அவனுக்குக் காலியாக விட்டு வைத்தது யார்? சுகாதாரத் திணைக்களம், தோட்ட நிர்வாகம், பள்ளிக்கூடம், நமது யூனியன். பள்ளிக்கூடம் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாடசாலை விடுமுறையில் மாதர் சங்கத் தோழிகள் நாலு பேரோடு யாழ்ப்பாணம் போனேன். குடாநாட்டில் சித்த வைத்தியர்கள் ஊர் ஊராகச் சனங்களைக் கூட்டி, பிரஷருக்கு உணவும் மூலிகையும் பற்றி வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். நமது தோட்டங்களுக்கும் அப்படி ஒன்றைக் கொண்டுவரலாமா என்று பார்ப்பது ஒரு நோக்கம். இந்தப் பக்கற்றை அவர்களிடம் காட்டுவது மற்றது. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் இருக்கிற பழைய கணக்கை மறந்துவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நமது பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வீட்டு வேலைக்கு நின்றார்கள் என்பது நமது லயங்களில் எல்லோருக்கும் தெரியும். என்றாலும் நல்லதை எங்கிருந்தும் எடுக்கலாம்.

சித்த மருத்துவம் அங்கே வேர்விட்ட ஒன்று. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூல்களாகச் செகராசசேகரம், பரராசசேகரம் இரண்டையும் சொல்வார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு கைதடியில் நடக்கிறது. இந்த நாட்டின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் சேர்த்தே எடுக்கிறது. வைத்தியர் பதிவு செய்ய வேண்டும். சட்டம் தெரிந்த வைத்தியர் யாரும் வானில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பேர் இல்லாத பக்கற் விற்க மாட்டார்.

நாங்கள் போன வகுப்பு ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. முப்பது பேரளவில், பெரும்பாலும் பெண்கள். வாசலில் ஒரு மேசை, அதில் பிரஷர் பார்க்கும் மெஷின். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் கதிரையில் சும்மா இருக்க விட்டு, இரண்டு தரம் பார்த்து, எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வெள்ளைப்பூடு, நெல்லிக்காய் பற்றிய பேச்சு. எது கறியாக நல்லது, எதை எவ்வளவு, யார் சாப்பிடக்கூடாது என்று சொன்னார்கள். எந்த இலையும் குளிசைக்குப் பதில் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து பக்கற்றை நீட்டினேன். வைத்தியருக்கு எழுபது வயதிருக்கும். கண்ணாடியைப் போட்டு முன்னும் பின்னும் புரட்டினார். பிரித்து மணந்தார். முகம் சிவந்தது.

"பிள்ளை, இதில என்ன கிடக்கெண்டு செய்தவனுக்குத்தான் தெரியும். தெரியாததை நான் மாட்டுக்கும் குடுக்க மாட்டன். குளிசை எடுக்கிற ஆள் என்னட்டை வந்தால் முதல் கேக்கிறது கிளினிக் கொப்பியைத்தான். ஒருநாளும் நான் குளிசையை நிப்பாட்டச் சொல்லுறேல்லை. எங்கட வைத்தியத்தின்ர பேரை வித்துச் சாப்பிடுறவங்களுக்கு முதல் நீங்கள் வழக்குப் போடுங்கோ."

பிறகு மணத்தை வைத்து ஒன்று சொன்னார்: இதில் அதிமதுரம் தூக்கலாக இருக்கிறது போல. அது இருமலுக்கும் தொண்டைக்கும் நல்ல மருந்து. ஆனால் தொடர்ந்து கூடுதலாக எடுத்தால் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைத்து பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இது இங்கிலீஷ் வைத்தியமும் ஒத்துக்கொள்கிற விஷயம். பக்கற்றுக்குள் இருந்தது அதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. மணத்தை வைத்து வைத்தியர் சொன்னதைச் சொல்கிறேன். பிரஷருக்கென்று விற்கும் பொடிக்குள் பிரஷரை ஏற்றும் சரக்கு இருந்தால்கூட வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை என்பதே இதில் முக்கியம்.

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். சர்ப்பகந்தி என்று ஒரு செடி. அதன் வேரைப் பித்துக்கும் தூக்கத்துக்கும் நமது பக்கத்து வைத்தியர்கள் காலகாலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு பேர், இது இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளர்களுக்குக் கொடுத்து, அளந்து, கணக்கு வைத்து, லண்டனில் வெளிவரும் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது. உலகம் முழுக்க அது பிரஷர் குளிசையாகப் போனது. நமது மண்ணின் வேர் பிரஷருக்கு நிஜமாகவே வேலை செய்தது. பெருமைதான். ஆனால் அதே குளிசை அளவு கூடியபோது சில பேருக்கு மனச்சோர்வைக் கொண்டுவந்தது, வயிற்றுப் புண்ணைக் கொண்டுவந்தது. அதனால்தான் பிறகு அதன் பாவனை குறைந்து வேறு குளிசைகள் வந்தன. வேலை செய்கிற மூலிகை என்றால் அது மருந்து. மருந்து என்றால் அளவு வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். ஒரு கெடுதலும் செய்யாது, ஆனால் எல்லா நோயையும் மாற்றும் என்று ஒன்றை யாராவது விற்றால், அவர் ஒன்றில் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் தான் விற்பது என்னவென்று தெரியாமல் விற்கிறார்.

இன்னொன்று. "ஆயிரம் வருடத்து ஏட்டில் பிரஷருக்கு மருந்து இருக்கிறது" என்கிறார்கள். கையில் பட்டி கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் முறை 1896இல் இத்தாலியில் ரிவா-ரொச்சி என்ற வைத்தியரிடமிருந்து வந்தது. அதற்கு முன் உலகத்தில் எந்த வைத்தியருக்கும் 140க்கு 90 என்று ஒரு எண் கிடையாது. ஏட்டு வைத்தியர் நாடி பார்த்தார், தலைச்சுற்றையும் மயக்கத்தையும் பார்த்தார், அதற்கு மருந்து சொன்னார். அது அவர் காலத்துக்குப் பெரிய வேலை. ஆனால் பிரஷரின் குணமே, பெரும்பாலும் ஒரு நோவும் காட்டாமல் இருப்பதுதான். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன கணக்குப்படி, 30 வயதிலிருந்து 79 வயது வரை பிரஷர் உள்ளவர்கள் உலகத்தில் சுமார் 128 கோடி. அவர்களில் 46 வீதமானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தலையிடி இல்லை, அதனால் பிரஷர் இல்லை என்று நினைப்பவர்கள் நமது லயங்களில் எத்தனை பேர்?

கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூடையைக் கையால் தூக்கிப் பார்த்து "பன்னிரண்டு கிலோ" என்று சொன்னால் நாம் விடுவோமா? தராசில் போடு என்று சண்டை பிடிப்போம். தண்ணிக் கழிவு என்று இரண்டு கிலோ வெட்டினால் பெரட்டில் கேள்வி கேட்போம். நமது கொழுந்துக்குக் கேட்கிற தராசை நமது இரத்தத்துக்கும் கேட்க வேண்டும். மூலிகை சாப்பிடுகிறவரும் அளக்க வேண்டும், குளிசை எடுக்கிறவரும் அளக்க வேண்டும். அளக்காமல் "இப்போ சுகம்" என்பது கையால் தூக்கிப் பார்த்துச் சொல்கிற கிலோ மாதிரி.

இனி நிர்வாகங்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால், எங்கள் பகுதியில் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் "மூலிகைத் தோட்டம்" என்று பலகை. பத்துச் சட்டியில் பத்துச் செடி. படம் எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். அதே தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கும் மெஷின் பழுதாகிப் பல மாதம். அதைத் திருத்தக் கேட்டால் "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்று பதில். பத்துச் சட்டி மண்ணுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை.

குடாநாட்டு வைத்தியர் "வீட்டில் முருங்கை நட்டு வையுங்கோ" என்று சொன்னால் அது அங்கே பொருந்தும். அவருக்கு முன்னால் இருந்த பெண்களுக்கு வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, வேலியோரம் முருங்கை நிற்கிறது. நமக்கு? முருங்கை வெயில் மரம். நாலாயிரம், ஐயாயிரம் அடி உயரத்துக் குளிரிலும் பனியிலும் அது தழைக்காது. சரி, வேறு கீரை போடலாம் என்றால் எங்கே போடுவது? லயத்து வாசலில் நாலடி மண். புது வீடு கிடைத்தவர்களுக்கு ஏழு பேர்ச் என்றார்கள். கிடைக்காதவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். வல்லாரை மட்டும் கான் ஓரங்களில் தானாகவே முளைக்கிறது. ஆனால் அந்தக் கானுக்குள் ஓடுவது தேயிலைக்கு அடித்த களைகொல்லி. கிளைபொசேட்டை 2015இல் நிறுத்தினார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் என்று திரும்ப விட்டார்கள். மலையில் மருந்தடித்த கிழமை கான் ஓரத்தில் பறித்த வல்லாரையைச் சம்பல் போட்டுச் சாப்பிட்டு பிரஷரை இறக்கச் சொல்கிறவர், முதலில் தான் சாப்பிட்டுக் காட்டட்டும்.

ஆகவே மூலிகை பற்றிப் பேசுகிற நிர்வாகம் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும். மருந்தடிக்காத ஒரு துண்டு நிலம், தண்ணி, வேலி. ஒவ்வொரு டிவிசனுக்கும் கீரைக்கென்று அதை எழுத்தில் ஒதுக்கட்டும். சட்டியை வைத்துப் படம் எடுக்க நாம் போய் நிற்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை, அங்கே உள்ளவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. குடாநாட்டிலிருந்து நமது கடைகளுக்கு மூலிகை வருவதற்கு நெடுநாள் முன்பே வந்து சேர்ந்தவை கருவாடும் புகையிலையும். கொழுந்துக்காரி விடியக்காலம் வாயில் போடுகிற வெற்றிலையோடு யாழ்ப்பாணப் புகையிலைத் துண்டு ஒன்றும் போகிறது. குளிருக்கும் பசிக்கும் அது துணை என்று எங்கள் அம்மாவும் சொல்வார். புகையிலையை மென்றாலும் நிக்கொட்டின் இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். நாடி வேகமாகும், அழுத்தம் ஏறும். வாய்ப் புற்றுநோய் வேறு. கருவாட்டைப் பற்றி நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். நானும் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவள்தான். உலக சுகாதார அமைப்பு சொல்வது, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைந்த உப்பு. தேக்கரண்டி ஒன்றளவு. காலையில் உப்புப் போட்ட ரொட்டி, கட்டச்சம்பல், மத்தியானம் சோறும் கருவாடும், இராத்திரி மிச்சக் குழம்பு என்றால் அந்தத் தேக்கரண்டி மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடும். கருவாட்டை விடச் சொல்லவில்லை. சுடுதண்ணியில் ஊறப்போட்டு, தண்ணியை இரண்டு தரம் ஊற்றிவிட்டு, குழம்புக்கு வேறாக உப்புப் போடாமல் சமையுங்கள். ரொட்டி மாவுக்குப் போடும் உப்பைப் பாதியாக்குங்கள். இந்த இரண்டுக்கும் 1,500 ரூபா தேவையில்லை.

அதற்காக, "தொழிலாளி கருவாடு சாப்பிடுவதால்தான் பிரஷர்" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்ல யாரையும் விடக்கூடாது. பச்சை மீனும் பழமும் வாங்கக்கூடிய சம்பளம் இருந்தால் நமது சட்டியிலும் அது வேகும்.

குளிசைகளிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கூடை தூக்கித் தோளும் முதுகும் நொந்தால் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போடுகிறோம். டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை பிரஷரை ஏற்றக்கூடியவை, தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. வான்காரர் சிறுநீரகம் கெடும் என்று பயம் காட்டினாரே, அந்தப் பழி பெரும்பாலும் இந்த நோவுக் குளிசைகளுக்கே பொருந்தும். கட்டுப்படாத பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளினிக்கில் கொடுக்கும் லொசார்ட்டான், அம்லோடிபின் போன்றவை பிரஷரைக் கட்டுப்படுத்தி அதைக் காக்கவே கொடுக்கப்படுகின்றன. அவை ஒத்துக்கொள்ளாமல் கால் வீங்கினால், தலை சுற்றினால், டொக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்தக்கூடாது. எண் இறங்கிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப ஏறும். குளிசை எடுப்பதால்தான் எண் இறங்கியிருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் தங்கைமார், பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள், பிரஷர் குளிசை எடுத்தால் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். சில குளிசைகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, வேறு தருவார்கள். சூரணமும் கசாயமும் கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம்.

2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் போன நாட்களை மறக்கவில்லை. துண்டைக் கையில் தந்து வெளியே வாங்கச் சொன்னார்கள். பார்மசியில் விலை கேட்டுத் திரும்பி வந்தோம். அந்த நேரத்தில் வேர், இலை என்று தேடிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வான்கள் கூடுதலாக மலைக்கு ஏறியதும் அந்தக் காலத்தில்தான். அரசாங்கம் விட்ட இடைவெளியில் வியாபாரி நுழைகிறான், இதற்குச் சித்தரைப் பழி சொல்லிப் பயனில்லை.

அக்கா சொன்ன அந்தத் தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். மானிப்பாயில் இருக்கும்போது ஒருவரைப் பற்றி விபரமாகக் கேட்டேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். இங்கிலீஷில் படிப்பித்தால் படித்தவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், சனத்துக்குப் பயனில்லை என்று கண்டு, தானே தமிழ் படித்து, உடற்கூறு முதல் சத்திரசிகிச்சை வரை நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். அவர் வந்தது மதம் பரப்ப, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் தமிழில் உடற்கூறு படிப்பித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், நமது பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்து கோப்பித் தோட்டங்களில் கொலராவுக்குச் செத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவம் கொடுக்கத் துரைமாரைக் கட்டாயப்படுத்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று 1872இல் ஒன்று, 1912இல் ஒன்று போட வேண்டியிருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரரால் தமிழில் மருத்துவம் சொல்ல முடிந்தது. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழியாக இருக்கிற நாட்டில், நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்திலும் கிளினிக்குக்கு வருகிற தமிழ்ப் பெண்ணுக்கு "இது பிரஷர் குளிசை, நாளுக்கு ஒன்று, நிறுத்த வேண்டாம்" என்ற மூன்று துண்டு வசனத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க ஏன் முடியவில்லை?

யூனியன் என்ன செய்யப் போகிறது? சம்பளத்துக்குக் கொடி தூக்குகிறோம், கிலோக் கணக்குக்குத் தர்ணா இருக்கிறோம். பிரஷருக்கு? கூட்டு ஒப்பந்தம் பேசிய காலங்களிலும் கிளினிக் நாளை நாம் மேசையில் வைத்து விடாப்பிடியாக நின்றதாக எனக்கு நினைவில்லை. தலைவர்மார் இதை வாசித்து என் மேல் கோபப்பட்டால், கோபத்தோடு இந்தக் கோரிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கிளினிக் கொப்பியில் திகதிச் சீல் உள்ள நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். அரைப் பேர் வேண்டாம், லீவில் வெட்டவும் வேண்டாம். இதுதான் முதலாவது, மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. இது இல்லாமல் "ஒழுங்காக மருந்தெடு" என்று சொல்வது, ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் சம்பளத்தைப் பறித்துக்கொண்டு புத்தி சொல்வது. ஒவ்வொரு டிவிசனுக்கும் வேலை செய்கிற ஒரு மெஷின் வேண்டும். அதன் விலை ஒரு தொழிலாளியின் ஒன்றிரண்டு கிழமைச் சம்பளம், ஒரு கம்பனிக்கு அது ஒரு நாள் தேத்தண்ணிச் செலவு. நிர்வாகம் தராவிட்டால் சந்தாக் காசில் வாங்குவோம், வாங்கிவிட்டு ஏன் வாங்கினோம் என்று பத்திரிகையில் எழுதுவோம். எங்கள் டிவிசனில் மாதர் சங்கம் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டது. ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூட வராந்தாவில் பார்க்கிறோம். மலையிலிருந்து இறங்கிய கையோடு வந்தால் எண் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் காலைத் தரையில் வைத்து, முதுகு சாய்ந்து, பேசாமல் இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு முன்பே தேத்தண்ணியும் வெற்றிலையும் நிறுத்த வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று ஞாயிறு தொடர்ந்து 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டுகிறவர்களின் பேரைத் தனியாக எழுதி, கிளினிக்குக்கு அனுப்புகிறோம். 180க்கு 120ஐத் தாண்டியவரை ஞாயிறு என்று பார்க்காமல் அன்றே அனுப்பினோம். முதல் ஞாயிறு வந்தவர்களில் மூன்று பேருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் தலைவர்.

யாழ்ப்பாணத்து வைத்தியர் வருகிறார். பாடசாலை விடுமுறையில், இரண்டு டிவிசனில், கூலியில்லாமல் வந்து பேச ஒத்துக்கொண்டார். நமது மலையில் என்ன கீரை முளைக்கிறது என்று நடந்து பார்த்து அதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறோம். அவர் பேச்சுக்கு முன் மெஷின், பேச்சுக்குப் பின் கிளினிக் கொப்பி சரிபார்ப்பு. இந்த ஒழுங்கு அவரே கேட்டது.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், பூசை, திருநீறு, சூரணம் எதற்கும் நேரம் செலவழிக்காமல் 1990க்கு அடியுங்கள். வண்டி லயம் வரை வராது என்றால் ரோட்டுக்குத் தூக்கி வாருங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை நினைவில் வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வானில் வாங்கிய பக்கற் வீட்டில் இருக்கிறவர்கள் அதை எறிய வேண்டாம். தாளோடு, மிச்சப் பொடியோடு, எந்தச் சம்பளத்தன்று எங்கே வாங்கினீர்கள் என்று எழுதி, தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் சங்கத்திடமோ கொடுங்கள். எங்களிடம் இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. முறைப்பாட்டுக்கு அவை சாட்சி.